பூட்டிய வீடு கணக்கில் வராது

மதுரை கே.கே. நகரில் குடியிருக்கும் எங்களுக்குக் கொசுவைப் பற்றிப் புலம்ப விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. வண்டியூர் கண்மாய் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆகாயத்தாமரை, வாய்க்கால் அடைப்பு, சாக்கடை என்று மனு எழுத ஆயிரம் காரணம். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் கூடி நின்றால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்துக் கொசுவில் வந்துதான் நிற்கும். ஆனால் எங்களுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், சின்னச் சொக்கிகுளம் சரோஜினி தெருவில், கொசுவையும் அது பரப்பும் நோய்களையும் ஆராய்வதற்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்துகிற நிலையம் ஒன்று 1985 முதல் இருக்கிறது. எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கும், “அங்க என்னமோ கொசு வளக்கிறாங்களாம்” என்பதற்கு மேல் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த நிலையத்தைப் பற்றிய புகார் அல்ல. எங்களைப் பற்றியது.

மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் தொடங்கிய அந்த இடத்தின் முதல் இயக்குநர் ரேச்சல் ரூபன். இந்தியாவின் கொசுவியலில் தவிர்க்க முடியாத பெயர். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு வகைகளை இனம் பிரித்து அறிவதில் அவர் செய்த வேலையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955இல், நம்முடைய வேலூரில். அந்தக் கொசு வளர்வது நெல்வயலில் தேங்கும் தண்ணீரில். அதற்காக வயலில் நெல்லே போடாதே என்று சொல்ல முடியுமா? மதுரை ஆய்வாளர்கள் விவசாயியின் வழக்கத்துக்குள்ளேயே விடை தேடினார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் புழு கொசுவாவதற்குள் வயல் காய்ந்துவிடும். யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து போட்டால் புழுவும் குறையும், உரச் சத்தும் வீணாகாது. 1990களில் நடந்த வேலை இது. ஆனால் மடை திறப்பு ஒருவர் கையில் இல்லாத ஊரில், பக்கத்து வயல்காரர் ஒத்துழைக்காவிட்டால் காய்ச்சலும் பாய்ச்சலும் நடக்காது. கொசு அறிவியல் கடைசியில் அண்டை வீட்டுக்காரனிடம்தான் போய் முட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்ட கதை மதுரைக்காரர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு மிதக்கவிட்டார், காற்று கரைக்குத் தள்ளிவிட்டது, நாங்கள் இன்றுவரை சிரிக்கிறோம். அதே தெர்மோகோல் பொருளைச் சின்னச் சின்ன மணிகளாக்கி வீட்டு உறிஞ்சுகுழிகளில் கொட்டினால் அது தண்ணீரின் மேல் ஒரு போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். புழுவால் மேலே வந்து மூச்சுவிட முடியாது, தாய்க்கொசுவால் முட்டையிட முடியாது. ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் இதைச் செய்து யானைக்கால் நோய்க் கொசுவை வெகுவாகக் குறைத்திருந்தார்கள். திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களில் அதைச் செய்து பார்த்தது இந்த மதுரை நிலையம். குழியில் தெர்மோகோல் மணி, கிணற்றில் மீன், ஆண்டுக்கொரு முறை மாத்திரை. மாத்திரையோடு கொசுக் கட்டுப்பாடும் சேர்ந்த கிராமங்களில் பலன் நீடித்தது என்ற முடிவு 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. தெர்மோகோல் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த மையம் புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, அதன் கள நிலையமாகிவிட்டது. மையமாக இருந்தது கிளையானது. அது நல்லதா கெட்டதா என்பதை நிர்வாகம் தெரிந்தவர்கள் பேசட்டும். இத்தனை பக்கத்தில் இருக்கும் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எங்கள் பங்கு. ரேஷன் கடையை நாலு தெரு தள்ளி மாற்றியிருந்தால் மறியல் செய்திருப்போம்.

எய்ம்ஸ் விஷயத்தில் நாங்கள் இப்படி இருக்கவில்லை. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின், எய்ம்ஸ் இதுதான் என்று ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டினார். எத்தனை டீக்கடை, எத்தனை மீம்ஸ். கேட்டது தப்பே இல்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் மருத்துவம் என்றால் பெரிய கட்டடம், படுக்கை, ஸ்கேன் என்று மட்டும் எங்கள் மனதில் பதிந்துவிட்டது. காய்ச்சல் வராமல் பார்க்கிற வேலைக்குக் கட்டடம் வேண்டும், அதை எங்கள் தெருவோடு சேர்த்து வடிவமைக்க வேண்டும் என்று எங்களில் யாரும் ஒரு மனுகூட எழுதியதில்லை.

டெங்குவுக்கு வருகிறேன். 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 மரணம். அந்த ஆண்டு இந்தியாவிலேயே இங்கேதான் அதிகம். 2017இல் மீண்டும் 23,294 பேர், 65 மரணம். இரண்டு தடவையும் நாங்கள் நிலவேம்புக் கஷாயம் குடித்தோம், பப்பாளி இலையைத் தேடினோம், கண்மாயைத் திட்டினோம். ஏடிஸ் ஈஜிப்டி என்கிற டெங்குக் கொசு கண்மாயில் வளர்வதில்லை. சாக்கடையிலும் சாதாரணமாக வளராது. சாக்கடையில் வளர்ந்து ராத்திரியில் காதருகே ரீங்காரமிடுவது வேறு கொசு. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், சுத்தமான தண்ணீரைத் தேடும், பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டர் தாண்டிப் போவது அரிது. அப்படியானால் என்னைக் கடித்த கொசு என் வீட்டில் பிறந்தது, அல்லது பக்கத்து வீட்டில் பிறந்தது. வீட்டுக்குள் வளர்த்துவிட்டு வாய்க்காலுக்கு மனுப்போட்ட தெரு எங்கள் தெரு.

எங்கே வளர்க்கிறோம்? ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து நாங்கள் அதை இழுத்துப் பார்த்ததில்லை. ஏ.சி. குழாய் சொட்டுகிற வாளி, மணி பிளான்ட் வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில், மிக்ஸி வந்த பிறகு கொல்லைக்குப் போன ஆட்டுக்கல்லின் குழி, மூடி உடைந்து செங்கல் வைத்து மறைத்த சின்டெக்ஸ் தொட்டி, நாள்விட்டு நாள் வரும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் நீல நிற டிரம். டிரம்மைக் காலி செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள் சுவரில், கடுகில் கால்வாசிகூட இல்லாத கருப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் மேலேறித் தொட்டதும் பொரிக்கும், பத்து நாளுக்குள் கொசுவாகும். தேங்காய் நாரோ பிளாஸ்டிக் பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்தால்தான் போகும். தாய்க்கொசுவிலிருந்து முட்டை வழியாகவே டெங்கு வைரஸ் அடுத்த தலைமுறைக் கொசுவுக்குப் போகிறது என்பதைத் தென்னிந்தியக் கொசுக்களில் காட்டி 2000இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் அதே சரோஜினி தெருக்காரர்கள்தான். அந்தச் செய்தி எங்கள் வீட்டு டிரம் வரைக்கும் வந்து சேரவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை.

புகை மருந்துக்கு மட்டும் குரல் கொடுப்போம். “எங்க தெருவுக்கு மட்டும் வண்டி வரல” என்பது கவுன்சிலரிடம் நாங்கள் வைக்கிற நிரந்தரக் கோரிக்கை. வண்டி வந்ததும் என்ன செய்கிறோம்? குழந்தைக்கு இருமல் வரும் என்று ஜன்னலை எல்லாம் சாத்திக்கொள்கிறோம். கட்டிலுக்கு அடியிலும் தொங்கவிட்ட துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும் டெங்குக் கொசு பத்திரமாக உள்ளே இருக்கிறது. புகை தெருவுக்கு அழகாகத்தான் இருக்கும்.

இப்போது கேட்டுக்கு வருவோம். டி.பி.சி. என்று நாங்கள் சொல்கிற கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாரம் தவறாமல் வருவார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தினக்கூலி. கையில் டார்ச், பையில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, ஒரு நோட்டு. பதினொரு மணி வெயிலில் கேட்டைத் தட்டினால் எங்கள் தெருவில் நடக்கும் உரையாடல் இது:

“அம்மா, தண்ணித் தொட்டி பாக்கணும்மா.”

“போன வாரந்தான வந்து பாத்துட்டுப் போனாங்க?”

“அது கீழ் வீடுங்கம்மா. மாடிக்கு வரல.”

“மாடிக் கதவு பூட்டியிருக்கு, சாவி சார்ட்ட இருக்கு. எங்க வீட்ல கொசுவெல்லாம் இல்லம்மா.”

“சரிங்கம்மா. வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க.”

கையெழுத்துப் போடுகிறோம். சிரித்துக்கொண்டே போடுகிறோம். அந்த அம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் கேட்டுக்கு வெளியிலேயே பாட்டிலில் கொடுக்கிறோம். குடிசைப் பகுதியில் அவர் அடுப்படி வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். எங்கள் காம்பவுண்டுச் சுவர் அவரை நிறுத்திவிடுகிறது. அவர் திருடிவிடுவார் என்ற பயமும் எங்களில் சிலருக்கு உண்டு, வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு பகுதியில் டெங்கு ஆபத்தை அளக்க வீட்டுக் குறியீடு என்று ஒன்றைப் பார்ப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பதே அது. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்று பார்ப்பது பிரெட்டோ குறியீடு. இரண்டிலும் வகுப்பது பார்த்த வீடுகளின் எண்ணிக்கையால். பூட்டிய வீடு, திறக்காத கேட், துபாயிலும் டெக்சாஸிலும் இருக்கும் பிள்ளைகளின் பெயரில் சும்மா கிடக்கும் வீடு, இவை எதுவும் கணக்கில் வராது. நூறு வீடுள்ள தெருவில் முப்பது பூட்டியிருந்து, பார்த்த எழுபதில் ஒன்றில்கூடப் புழு இல்லையென்றால் தாளில் அந்தத் தெருவின் குறியீடு சுழியம். பூட்டிய முப்பதின் மாடிகளில் என்ன இருக்கிறது என்பது கொசுவுக்கு மட்டும் தெரியும். பார்க்காமலே கையெழுத்து வாங்கிக்கொண்ட வீடுகளோ இன்னும் மோசம், அவை சுத்தமான வீடுகளாகவே கணக்கில் ஏறிவிடும். வசதியான தெருக்கள் தாளில் சுத்தமாகத் தெரிவதில் எங்கள் கேட்டுகளுக்கும் பங்கு உண்டு. எந்த ஆராய்ச்சி நிலையத்தை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அதற்குள் போகிற எண் இங்கேதான் பிறக்கிறது. பொய்யை நாங்கள் ஊட்டிவிட்டு அறிவியல் கைவிட்டது என்கிறோம்.

காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான். மெடிக்கலில் மாத்திரை வாங்கி மூன்று நாள் ஓட்டுவோம். பிறகு லேபில் ரத்தம் கொடுத்து, கார்டு டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்றால் டாக்டரிடம் மெதுவாக, “சார், டெங்குன்னு எழுதாதீங்க, வைரல் ஃபீவர்னு போடுங்க” என்போம். எழுதினால் மறுநாள் வீட்டுக்கு ஆள் வரும், தொட்டியைப் பார்ப்பார்கள், தெருவுக்குத் தெரிந்துவிடும். ஒரு நோயாளியைச் சுற்றியுள்ள வீடுகளில் புழுவை உடனே தேட வேண்டிய அந்த ஒரு வாரத்தை மானம் தின்றுவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டின் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசுக் கட்டுப்பாட்டுக்குத் தனிப் பகுதி உண்டு; கொசு வளரும்படி தண்ணீரைத் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அப்போதே எழுதிவிட்டார்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்துச் சட்டத்தை நாங்கள் எண்பது ஆண்டுக்கு மேலாக மீறிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எப்படிப்பட்ட நிலையம் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும்? யோசித்தால் மாதிரிகள் தூரத்தில் இல்லை. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு தொடங்கியபோது, நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்ப்பதா என்பதுதான் கேள்வி. ஐ.சி.எம்.ஆர்., அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. இடுக்கான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே குணமானார்கள், வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்று 1959இல் வெளியான முடிவு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரும் பங்கு நோயாளிகளின் வீடுகளில்தான் இருந்தது. கேரளத்தின் சேர்த்தலையில் 1980களில் யானைக்கால் கொசு குளத்து நீர்த்தாவரங்களைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தபோது, புதுச்சேரி ஆய்வாளர்கள் வெறுமனே செடியைப் பிடுங்கச் சொல்லவில்லை. குளத்தில் மீன் வளர்த்தால் வருமானம் என்று காட்டினார்கள். செடி போனது, மீன் வந்தது, கொசு குறைந்தது. நிகராகுவாவிலும் மெக்சிகோவிலும் நடந்த ஒரு பெரிய சோதனையில், மக்களே தங்கள் தெருவின் புழுக் கணக்கை எடுத்து, தாங்களே கூடிப் பேசி முடிவெடுத்த பகுதிகளில் குழந்தைகளுக்கு டெங்குத் தொற்று ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஏன், 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை எங்களுக்கு அடுத்த அண்ணா நகரில்தான் இருக்கிறது. கண் தெரியாதவர் வந்து சேரட்டும் என்று உட்காராமல் கிராமத்துக்கு முகாம் போனதால்தானே அது வளர்ந்தது.

ஆக, எங்கள் பகுதிக்கு வேண்டியது பெரிய கட்டடமில்லை. தெருவைப் பார்த்த மாதிரி ஒரு முன்கூடம், அதில் ஒரு மைக்ராஸ்கோப். யார் வேண்டுமானாலும் வீட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தால், என்ன புழு என்று அங்கேயே காட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். டார்ச் அடித்தால் வெளிச்சத்துக்குப் பயந்து வளைந்து நெளிந்து கீழே ஓடும் புழுவை ஒரு தடவை பார்த்துவிட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவை விடாது. சுவரில் வார்டு வரைபடம். வீட்டு எண், பெயர் எதுவும் வேண்டாம், தெரு வாரியாக எத்தனை வீடு திறந்தது, எத்தனை வீடு பூட்டியிருந்தது என்று மட்டும் ஒவ்வொரு வாரமும் எழுதினால் போதும். பூட்டிய வீட்டுக்குத் தனி நிறம். வேலைக்குப் போகிறவர்கள் வந்து போக மாலை எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். காய்ச்சல்காரருக்கு ரத்தம் எடுக்கப் பக்கவாட்டில் தனி வாசல், வரிசையில் நிற்பவர் கண்ணில் படாமல்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்பது, டி.பி.சி. பணியாளர்களுக்கு அங்கே ஒரு அறை. மின்விசிறி, கழிப்பறை, சாப்பாட்டு மேசை, பூட்டோடு ஒரு அலமாரி, அவர்கள் நோட்டில் எழுதியதை உட்கார்ந்து பேசிப் பார்க்க ஒரு கரும்பலகை. எந்தத் தெருவில் எந்தப் பாத்திரம், எந்த மாதத்தில் கூடுகிறது என்பது அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. இப்போது அந்த நோட்டுகள் நிரம்பினால் அடுத்த நோட்டு வரும், அவ்வளவுதான். ஆய்வாளர் பட்டம் அவர்களுக்கும் பாதி உரியது என்று ஏற்றுக்கொள்கிற கட்டடமாக இருந்தால், எங்கள் கேட்டைத் தட்டும்போது அவர்களுக்கும் ஒரு தைரியம் வரும்.

பின்கட்டில் கொசு வளர்ப்பு அறை வேண்டும். இதைச் சொன்னதும் எங்கள் முகம் மாறும் என்று தெரியும். “குடியிருப்புப் பகுதியில் கொசு வளர்ப்பா?” என்று முதல் மனுவே நாங்கள்தான் எழுதுவோம். இரட்டைக் கதவு, வலைக்கூண்டு, எண்ணிவைத்த கொசு. எந்த மருந்துக்கு எங்கள் பகுதிக் கொசு சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று தெரிய அதை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். எண்ணாமல், வலையில்லாமல், கதவு திறந்து நாங்கள் வளர்க்கிற கொசுவோடு ஒப்பிட்டால் அந்த அறை கோவில் மாதிரி.

கட்டடம் எப்போது வரும் என்பது வேறு விஷயம். பூட்டிய வீடுகளைத் திறந்துவிடும் சாவி விஷயத்துக்குக் கட்டடம் வேண்டாம். குடியிருப்போர் கூட்டத்தில் இதைப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும்: வெளிநாட்டில் இருப்பவர் சாவியை யாரிடம் கொடுப்பார், யாரை நம்புவார்? ஆனால் பூட்டிய வீட்டிலும் செடி வாடாமல்தானே இருக்கிறது. தண்ணீர் ஊற்ற, மோட்டார் போட, வாரம் இரண்டு நாள் வருகிற ஆளிடம் சாவி ஏற்கெனவே இருக்கிறது. அவர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார், டி.பி.சி. பணியாளர் புதன்கிழமை வருகிறார். இவர்கள் இருவரும் வரும் கிழமையை ஒன்றாக்க ஒரு போன் போதும்.